தொழிற்சங்கத் தேர்தலில் நிற்கத் தகுதியுடையவர் யார்?

தோட்டப்புறங்களில் தொழிற்சங்கக் கிளைத் தேர்தல் நெருங்கும்பொழுது இரண்டு கேள்விகள் எழுகின்றன. யாரை நிறுத்துவது என்பது முதற் கேள்வி. அவர் நிற்கலாமா என்பது இரண்டாவது கேள்வி. முதற் கேள்விக்கு உறுப்பினர்களின் மனமே விடை கூறும். இரண்டாவது கேள்விக்கு நாட்டின் சட்டமும் சங்கத்தின் விதிநூலும் விடை கூற வேண்டும். பெரட்டுக் களத்திலும் லயத்து வாசலிலும் முதற் கேள்வியைப் பற்றிப் பல நாள் பேசுகிற நாம், இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் வாக்குகளை எண்ணி முடித்த பிறகே நினைக்கிறோம். தொழிற்சங்கத் தேர்தல் வழக்குகள் பலவற்றுக்கு வித்திடுவது இந்தக் காலதாமதமே.

எடுத்துக்காட்டாக, தாப்பா வட்டாரத்திலுள்ள ஒரு தோட்டக் கிளையில் 120 உறுப்பினர்கள் இருக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மரம் சீவும் தொழிலாளி ஒருவர் 70 வாக்குகள் பெற்றுக் கிளைத் தலைவராகிறார். ஒரு மாதம் கழித்து, தோற்றவர் தரப்பிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. "வென்றவர் தேர்தலுக்கு முன் நான்கு மாதச் சந்தா செலுத்தவில்லை, ஆகவே அவர் நின்றதே செல்லாது" என்று அக்கடிதம் கூறுகிறது. வென்றவரோ, "என் சம்பளத்தில் சந்தாவைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்று நினைத்திருந்தேன்" என்கிறார். தோட்டம் கைமாறியபொழுது புதிய நிர்வாகம் சந்தா பிடிப்பதை நிறுத்திவிட்டது அவருக்குத் தெரியாது. இருவர் கூற்றிலும் பொய்யில்லை. ஆனால் 70 பேர் அளித்த வாக்கின் கதி என்ன? இக்கேள்விக்கு விடை கிடைக்கும்வரை அக்கிளையின் சார்பில் நிர்வாகத்திடம் யார் பேசுவது? சீவும் மரங்களின் எண்ணிக்கை பற்றிய குறையை யார் எடுத்துச் சொல்வது? தகுதி பற்றிய தகராறில் இழப்பு வேட்பாளருக்கு மட்டுமன்று. கிளை முழுவதற்குமே ஆகும்.

தகுதி விதிகள் ஏன் ஏற்பட்டன?

தொழிற்சங்கப் பொறுப்பு என்பது பிறர் பணத்தையும் பிறர் பேச்சையும் சுமக்கும் பொறுப்பு. உறுப்பினர் சந்தா அவர்கள் கையில் இருக்கிறது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் தோட்ட முதலாளிகளின் அமைப்பான மாப்பாவும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தத்தின் ஒவ்வொரு விதியும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பைத் தொடுகிறது. எனவே, நம்பிக்கைத் துரோகம் செய்தவரோ, மிரட்டிப் பணம் பறித்தவரோ, அத்தொழிலையே அறியாதவரோ அப்பொறுப்பில் அமர்ந்துவிடக் கூடாது என்று சட்டம் கருதுகிறது. இது நியாயமான அக்கறைதான். எனினும், வேலியின் பணி பயிரைக் காப்பது. வேலி நெருங்கி நெருங்கி வந்தால் பயிருக்கே இடமில்லாமல் போகும். தகுதி விதிகளும் அத்தகையனவே என்பதை நம் நாட்டு வரலாறே காட்டுகிறது.

1948-ஆம் ஆண்டுத் திருத்தம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் மலாயாவில் தொழிற்சங்கங்கள் விரைந்து பெருகின. அவற்றுள் பல அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் கீழ் இயங்கின. அச்சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் எஸ். ஏ. கணபதி என்னும் தமிழர். சம்மேளனத்தைக் கம்யூனிஸ்டுக் கட்சி தன் கையில் வைத்திருக்கிறது என்றும், சில இடங்களில் தொழிலாளரை மிரட்டிப் பணம் வாங்கப்படுகிறது என்றும் அன்றைய பிரிட்டிஷ் அரசு குற்றஞ்சாட்டியது. 1948-ஆம் ஆண்டின் நடுவில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது.

அத்திருத்தத்தில் மூன்று கூறுகள் முக்கியமானவை. முதலாவது, செயலாளர் நீங்கலாகச் சங்கப் பொறுப்பாளர் எவரும் சங்கம் சார்ந்த தொழிலில் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் பெற்றிருக்க வேண்டும். இரண்டாவது, பணப்பறிப்பு, மிரட்டல் போன்ற குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர் பொறுப்பு வகிக்கக் கூடாது. மூன்றாவது, ஒரே வகையான தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே சம்மேளனமாகக் கூடலாம். பல தொழில்களையும் தன்னகத்தே கொண்டிருந்த அகில மலாயாச் சம்மேளனம் இந்த மூன்றாவது விதியால் சட்டப்படி இயங்க வழியற்றுப் போயிற்று.

முதல் விதியைச் சற்று ஆராய்வோம். தொழில் அனுபவம் வேண்டும் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் ஜப்பானியர் சரணடைந்தது 1945 ஆகஸ்டில். திருத்தம் வந்தது 1948 நடுவில். இடைப்பட்ட காலம் மூன்றாண்டு நிறையவில்லை. ஆகவே, போருக்குப் பின் புதிதாகத் தோட்ட வேலைக்கு வந்த எந்த இளைஞரும் அன்று மூன்றாண்டு அனுபவம் காட்டியிருக்க முடியாது. ஜப்பானியர் காலத்தில் தோட்டங்கள் பல முடங்கிக் கிடந்தன. தொழிலாளர் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மூன்று என்னும் ஓர் எண், ஒரு தலைமுறை இளைஞரைப் பொறுப்புக்கு வெளியே நிறுத்தவல்லதாக இருந்தது. தகுதி விதியில் எழுதப்படும் எண்ணைக் கூர்ந்து நோக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

அதே ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் பேராக்கிலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்துரைமார் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. கணபதி துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்த அச்சம் நிறைந்த சூழலில்தான் பி. பி. நாராயணன் போன்றோர் புதிய சட்டத்துக்கு உட்பட்டுச் சங்கங்களை மீண்டும் கட்டினர். 1954-இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் பல ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின.

மற்றொரு செய்தியும் நினைவில் கொள்ளத்தக்கது. மலாயாத் திருத்தம் வந்து சில வாரங்களில், 1948 ஜூலை 9-ஆம் நாள், அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் சான்பிரான்சிஸ்கோ நகரில் 87-ஆம் உடன்பாட்டை நிறைவேற்றியது. தொழிலாளர் அமைப்புகள் தங்கள் பிரதிநிதிகளை முழுச் சுதந்திரத்துடன் தேர்ந்தெடுக்கும் உரிமை உடையன என்று அதன் மூன்றாம் விதி கூறுகிறது. ஒரே ஆண்டின் கோடைக்குள் உலகம் ஒரு திசையிலும் மலாயாச் சட்டம் மற்றொரு திசையிலும் நடந்தன எனலாம்.

வெளியார் தலைமை தாங்கலாமா?

தொழிலில் இல்லாதவர் சங்கத் தலைவராகலாமா என்ற கேள்வி மலாயாவுக்கு முன்பே சென்னையில் எழுந்தது. 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் பெரம்பூரில், பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதன் தலைவரான பி. பி. வாடியா பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். அச்சங்கத்தில் முன்னணியில் நின்ற திரு. வி. கலியாணசுந்தரனார் தமிழாசிரியர்; பத்திரிகையாசிரியர். இருவரும் ஆலையில் நூல் நூற்றவர்கள் அல்லர். ஆலை நிர்வாகம் வாடியாவின் மீது வழக்குத் தொடுத்து உயர்நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றது. தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை இந்தியாவெங்கும் வலுப்பெற அவ்வழக்கும் ஒரு காரணம்.

அதன் பயனாக வந்த 1926-ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நடுவழி ஒன்றைக் கண்டது. பொறுப்பாளர்களில் குறைந்தது பாதிப்பேர் அத்தொழிலில் உண்மையாகப் பணிபுரிபவராக இருக்க வேண்டும் என்றது அச்சட்டம். அதாவது, மறுபாதி வெளியாராக இருக்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளர் குறைவாக இருந்த காலத்தில், கற்றவரின் துணை சங்கத்துக்குத் தேவைப்பட்டது. தொழிலாளர் கல்வியில் முன்னேறிய பின்னர், 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் வெளியாரின் பங்கை வெகுவாகக் குறைத்தது. 1948-இல் மலாயாவில் விதிக்கப்பட்ட மூன்றாண்டு நிபந்தனை சென்னையில் இருந்திருந்தால் திரு. வி. க. அச்சங்கத்தின் தலைவராகியிருக்க முடியாது. எது சரி, எது தவறு என்று இங்கே தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. தகுதி விதி என்பது காலத்துக்கும் தொழிலாளரின் நிலைமைக்கும் ஏற்ப வகுக்கப்படுவது என்பதை உணர்ந்தால் போதும்.

நம் நாட்டுச் சட்டமும் தடைகளும்

நமது தொழிற்சங்கச் சட்டம் 1959-ஆம் ஆண்டில் உருவானது. செயலவை உறுப்பினராக யார் இருக்கக் கூடாது என்பதற்கு அச்சட்டம் ஒரு பட்டியலை வகுத்தது. அரசியல் கட்சியின் பொறுப்பாளர் அல்லது ஊழியர், நம்பிக்கை மோசடி, பணப்பறிப்பு, மிரட்டல் ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர், திவாலானவர், சில காரணங்களுக்காகப் பதிவு நீக்கப்பட்ட சங்கத்தின் செயலவையில் இருந்தவர் ஆகியோர் அப்பட்டியலில் இடம்பெற்றனர். குடியுரிமை பற்றிய நிபந்தனையும் இருந்தது. அயல்நாட்டுத் தொழிலாளர் பெருகியுள்ள தோட்டங்களில் இதனைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். சங்கத்தில் உறுப்பினராவது வேறு. செயலவையில் அமர்வது வேறு.

இப்பட்டியலில் சொற்களை ஊன்றிப் படிக்க வேண்டிய இடம் அரசியல் கட்சி பற்றியது. கட்சியில் பொறுப்பு வகிப்பதும் கட்சியில் வெறும் உறுப்பினராக இருப்பதும் ஒன்றல்ல. "அவர் அந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போகிறவர், ஆகவே நிற்கக் கூடாது" என்று கிளைகளில் சிலர் சொல்வதுண்டு. கூட்டத்துக்குப் போவதைக் கட்சிப் பொறுப்பு என்று கொள்ள முடியாது. கட்சிக் கிளையின் செயலாளராகவோ பொருளாளராகவோ இருப்பதே பொறுப்பு.

இத்தகைய தடை அளவு மீறினால் என்னவாகும் என்பதை அமெரிக்க வழக்கொன்று விளக்குகிறது. கம்யூனிஸ்டுக் கட்சி உறுப்பினர் தொழிற்சங்கச் செயலவையில் இருந்தாலே குற்றம் என்று 1959-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் விதித்தது. சான்பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளியான ஆர்ச்சி பிரவுன் கட்சி உறுப்பினர் என்பதை அவருடைய சக தொழிலாளர்கள் அறிவர். அறிந்தே அவரைச் செயலவைக்குத் தேர்ந்தெடுத்தனர். அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1965-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் அந்தச் சட்டவிதியைத் தள்ளுபடி செய்தது. நீதிமன்ற விசாரணையில் ஒருவரின் குற்றம் மெய்ப்பிக்கப்படுமுன், ஒரு கூட்டத்தார் அனைவரையும் சட்டமன்றமே குற்றவாளிகளாக்கித் தண்டிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

நமது சட்டம் பலமுறை திருத்தப்பட்டுள்ளது. 2024 செப்டம்பர் 15 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், ஒரே வேலையிடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் அமைவதற்கும் வழிவிட்டுள்ளது. ஆகையால், எந்தத் தோழரும் அலமாரியிலுள்ள பழைய சட்டப் பிரதியை நம்பி வேட்புமனு எழுதக் கூடாது. பிறர் மனுவை எதிர்க்கவும் கூடாது. இன்று நடப்பிலுள்ள விதியைச் சங்கத் தலைமையகத்திலோ தொழிற்சங்க விவகார இலாகாவிலோ கேட்டறிந்த பின்னரே செயற்பட வேண்டும்.

சங்கத்தின் சொந்த விதிகள்

சட்டத்தின் தடைகளைத் தவிர, ஒவ்வொரு சங்கமும் தன் விதிநூலில் நிபந்தனைகளை வகுத்துக்கொள்கிறது. இத்தனை காலம் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், சந்தா பாக்கி இருக்கக் கூடாது, முன்மொழிபவரும் வழிமொழிபவரும் கையொப்பமிட வேண்டும் என்பன போன்றவை அவை. தகராறுகள் மிகுதியும் பிறக்கும் இடம் இதுவே. பார்வைக்கு எளிய விதி நடைமுறையில் கதவையே அடைத்துவிடக்கூடும்.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் எஃகுத் தொழிலாளர் கிளை ஒன்றில் அவ்வாறு ஒரு விதி இருந்தது. தேர்தலுக்கு முந்திய மூன்றாண்டுகளில் கிளைக் கூட்டங்களில் பாதிக்கேனும் வந்தவரே பொறுப்புக்கு நிற்கலாம் என்பது அவ்விதி. கூட்டத்துக்கு வருபவரே தலைவராக வேண்டும் என்பது கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கெடுத்துப் பார்த்தபொழுது, ஏறத்தாழ 660 உறுப்பினர்களில் 23 பேரே தகுதி பெற்றிருந்தனர். அந்த 23 பேரில் ஒன்பதின்மர் ஏற்கெனவே பொறுப்பில் இருந்தவர்கள். 1977-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அவ்விதி நியாயமற்றது என்று தீர்ப்பளித்தது. விதியின் நோக்கத்தை மட்டுமன்றி அதன் விளைவையும் நீதிமன்றம் எடைபோட்டது.

நம் கிளைகளும் இந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். நமது விதிப்படி நம் கிளையில் எத்தனை பேர் நிற்கத் தகுதியுடையவர்? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டு, மரம் சீவி, பாலெடுத்து நிறுவைக்குக் கொண்டுவரும் பெண்ணுக்கு மாலைக் கூட்டத்துக்கு வருவது எளிதன்று. கூட்ட வருகையை அளவுகோலாக்கினால் முதலில் விலக்கப்படுபவர் அவராகவே இருப்பார்.

வேலைநீக்கம் பெற்றவரின் நிலை

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. கிளைத் தலைவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டால் அவருடைய சங்கத் தகுதியும் அந்நாளே போய்விடுமா? போய்விடும் என்றால், சங்கத்தின் தலைவர் யார் என்பதைத் தோட்ட நிர்வாகமே ஒரு கடிதத்தால் முடிவு செய்துவிடலாம். போகாது என்றால், தொழிலை விட்டு விலகிப் பல்லாண்டு ஆனவரும் தலைவராகவே நீடிக்கலாம்.

இந்தியாவில் அசாம் மாநிலத்துப் போகாஜான் சிமெண்டு ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் வழக்கில் இக்கேள்வி உச்சநீதிமன்றம் வரை சென்றது. வேலை முடிவுற்ற காரணத்தால் மட்டும் சங்க உறுப்பினர் என்னும் நிலை தானாக நீங்கிவிடாது என்று 2003-இல் அந்நீதிமன்றம் கூறியது. உறுப்பினராகச் சேர்வதற்கே சட்டம் நிபந்தனை விதித்தது. சேர்ந்தபின் வேலை போனால் உறுப்பினர் நிலையும் போகும் என்று சட்டம் சொல்லவில்லை என்பது தீர்ப்பின் அடிப்படை.

அத்தீர்ப்பு இந்தியச் சட்டத்தின் சொற்களை ஒட்டியது. அது நம் நாட்டு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆயினும், நம் தொழிலாளர் செய்ய வேண்டியது தெளிவு. தக்க காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின்படி, நீக்கப்பட்ட 60 நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். அக்கெடு தவறினால் மீண்டும் வேலை கேட்கும் வழி அடைபடும். வேலை பற்றிய முறையீட்டை விட்டுவிட்டுச் சங்கப் பொறுப்புக்காக மட்டும் வாதாடுவது, வேரை விட்டுக் கிளைக்கு நீர் ஊற்றுவது போலாகும்.

தகராறு எழாதிருக்கவும், எழுந்தால் தீர்க்கவும்

வருமுன் காப்பதே அறிவுடைமை. தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் கிளைகள் பின்வருவனவற்றைச் செய்தல் நலம்.

முதலாவது, விதிநூலைப் பெற்று, தகுதி பற்றிய பகுதியைக் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் அது விளங்க வேண்டும்.

இரண்டாவது, உறுப்பினர் பட்டியலையும் சந்தாக் கணக்கையும் வேட்புமனு நாளுக்கு முன்பே அனைவரும் பார்க்க வைக்க வேண்டும். தோட்டம் கைமாறியிருந்தாலோ, தொழிலாளி வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தாலோ, சம்பளச் சீட்டில் சந்தா பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துவது சிறிய வேலை. தகராறு வரும் நாளில் அதுவே பெரிய சாட்சி.

மூன்றாவது, ஆட்சேபம் இருப்பவர் அதனை வாக்களிப்புக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும். எந்த விதி மீறப்பட்டது என்று குறிப்பிட வேண்டும். தெரிந்திருந்தும் வாய்மூடியிருந்து, தோற்றபின் எழுப்பும் ஆட்சேபத்தை நடுநிலையாளர் எவரும் ஐயத்துடனேயே நோக்குவர்.

நான்காவது, ஆட்சேபிக்கப்பட்டவருக்குக் காரணத்தைச் சொல்லி, விடையளிக்க வாய்ப்பளிக்க வேண்டும். ஒருவரைக் கேளாமல் தகுதியற்றவர் என்று தள்ளும் முடிவு, அது சரியான முடிவாகவே இருந்தாலும், நீதிமன்றத்தில் நிலைப்பது அரிது. ஒரே குறை இருவரிடம் இருக்க, ஒருவரைத் தள்ளி மற்றவரை ஏற்பதும் அத்தகையதே.

ஐந்தாவது, பொறுப்பாளர் தேர்தல் இரகசிய வாக்கெடுப்பாகவே நடைபெற வேண்டும் என்பது சட்டம். கைதூக்கித் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு தாளில் எழுதிக்கொள்ளும் பழக்கம் எங்கேனும் இருந்தால் அதனை அடியோடு விட்டொழிக்க வேண்டும். வாக்குச் சீட்டுகளையும் கூட்டக் குறிப்பையும் பத்திரமாகக் காக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் தகராறு நீடித்தால், முதலில் விதிநூல் காட்டும் மேல்முறையீட்டுப் படிகளில் ஏற வேண்டும். அடுத்து, தொழிற்சங்க விவகார இலாகாவின் தலைமை இயக்குநருக்கு ஆதாரங்களுடன் எழுதலாம். நீதிமன்றம் இறுதிப் படி. வழக்குத் தொடுக்க உரிமை உண்டு. ஆனால் அதற்குப் பணமும் காலமும் வேண்டும். வழக்கு முடியும்பொழுது அப்பொறுப்பின் தவணையே முடிந்திருப்பதும் உண்டு.

தொழிற்சங்கம் தொழிலாளரின் சொத்து. அதன் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, முன்னோர் பெரும் துன்பங்களுக்கிடையே பெற்றுத் தந்த உரிமை. தகுதியற்றவரை விலக்குவதற்காக ஏற்பட்ட விதி, வேண்டாதவரை விலக்கும் கருவியாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது உறுப்பினர் ஒவ்வொருவரின் கடமையாகும். அடுத்த தேர்தல் அறிவிப்பு தோட்டத்து விளம்பரப் பலகையில் ஒட்டப்படும் நாளுக்காகக் காத்திராமல், இம்மாதமே விதிநூலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சந்தா பிடிக்கப்படுகிறதா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள்.